நிமிர்த்தி வைத்த புல்

கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது. தனலட்சுமி எடுத்துப் பார்த்தாள். அறுந்த நுனி ஈரமாக இருந்தது; ராத்திரியெல்லாம் மென்றிருக்கிறது. செவலை இன்றோ நாளையோ ஈன்றுவிடும் என்று நேற்றே மடியைத் தொட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். தெரிந்தும் சங்கிலி போடவில்லை. நிறைசினைக்காரியின் கழுத்தில் இரும்பை மாட்ட மனசு வரவில்லை.

தேட வேண்டியதே இல்லை. முதல் கன்றையும் அதற்கடுத்ததையும் செவலை போட்டது மேட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தில்தான். அங்கே காற்று அடிக்காது, ஆள் அரவம் கிடையாது. வலி எடுத்தால் மாட்டுக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும். ஆனால் இப்போது பள்ளத்தையும் சேர்த்து மேட்டைச் சுற்றிலும் சுண்ணாம்படித்த கற்கள் நட்டிருக்கின்றன. கல்லைத் தாண்டி ஒரு குளம்படிகூட விழக்கூடாது. வாயில்லாத சீவனுக்கு அதை யார் போய்ச் சொல்வது?

ஏற்காட்டு மலையில், வாழவந்திக்கு மேலே முப்பது வீடு உள்ள சின்ன ஊர் அது. இரண்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்று நாலில், சேலத்துச் சங்கம் ஒன்றிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். மேட்டில் ஆடு மாடு விடாமல், தீ வைக்காமல் புல்லைக் காத்துக் கொடுத்தால் வருடா வருடம் வீட்டுக்கு ஒரு தொகை தருகிறோம் என்றார்கள். புல்லின் வேர் காற்றிலுள்ள கரியை இழுத்து மண்ணுக்குள் பூட்டி வைக்கிறதாம். அதற்கு எந்த தேசத்திலோ காசு கொடுக்கிறார்களாம்.

“கரிதானுங்க வேணும்? எங்கூட்டு அடுப்புல வந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்றாள் தனலட்சுமியின் ஓரகத்தி அமுதா. ஊரே சிரித்தது. சங்கத்து ஆபீசர் ஸ்தனிஸ்லாஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் அந்த வார்த்தையையும் சொன்னார். மாசி மாசம் பார்வைக்கு வருவோம். ஒரு சாணி கிடந்தாலும் அந்த வருடம் மொத்த ஊருக்கும் பணம் கிடையாது. யார் மாடு என்று நாங்கள் கேட்கமாட்டோம், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். முதல் பணம் வந்ததும் தனலட்சுமி வீட்டுக் கூரை ஓடாயிற்று. அந்த ஓட்டின் கீழ் படுத்த முதல் மழையில் ஒரு சொட்டுகூட ஒழுகாதது அவளுக்குப் புதிதாக இருந்தது. அதற்கப்புறம் நடந்த ஊர்க்கூட்டத்தில் அவள்தான் எழுந்து, யார் உருப்படி கல்லைத் தாண்டுகிறதோ அந்த வீட்டுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீரும் இல்லை, அடுப்புக்கு நெருப்பும் இல்லை என்று சட்டம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அமுதா மட்டும் ஆட்டவில்லை. அவளிடம் பதினோரு ஆடுகள் இருந்தன. ஆட்டைக் கட்டிப்போட்டு வளர்க்க யாரால் முடியும்?

“நாலு ஆட்டுக்காக ஊரு வாயில மண்ணப் போடுவியா?” என்று தனலட்சுமி கூட்டத்திலேயே கேட்டாள்.

அடுத்த சந்தையில் அமுதா அத்தனையையும் விற்றுவிட்டு வந்தாள். அதில் நாலு ஆட்டுக்கு வயிற்றில் குட்டி. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்றைக்குப் பார்வைநாள்.

தனலட்சுமி பள்ளத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது செவலை பக்கவாட்டில் படுத்திருந்தது. வாலுக்குக் கீழே இரண்டு சின்னக் குளம்புகள், மஞ்சளாக, மெழுகுபோல, வெளியே தெரிந்தன. அவளைக் கண்டதும் மாடு தலையைத் திருப்பி மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது. வந்துவிட்டாயா என்பது மாதிரி இருந்தது. அவள் குனிந்து அதன் நெற்றியைத் தடவினாள். நிமிர்ந்தபோது மேட்டின் விளிம்பில் ஊர் வந்து நின்றிருந்தது.

ஊர்க்கவுண்டர் அங்கப்பன் முன்னால் வந்தார்.

“பத்து மணிக்கு ஜீப்பு வந்துரும்மா.”

“தலை வர்ற நேரந்தானுங்க மாமா. கன்னு உழுவட்டும். நானே தோள்ல தூக்கிக்கிட்டு வந்தர்றேன்.”

“நஞ்சுக்கொடி உழுவோணும், அப்பறம் மாடு எந்திரிக்கோணும். மத்தியானம் ஆயிரும். அது வரைக்கும் அந்தாளைக் கையப் புடிச்சா நிறுத்தறது?” அங்கப்பன் கோபமாகப் பேசவில்லை. “சட்டம் ஆரு சொன்னதும்மா?”

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமுதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கொய்யாக்குச்சி. அதைத் தனலட்சுமியிடம் நீட்டினாள்.

“நீங்களே ஓட்டுங்கக்கா. வேறாள் அடிச்சா உங்களுக்கு மனசு கேக்காது.”

முதல் அடிக்குச் செவலை எழவில்லை. தட்டுகிறாள், விளையாட்டுக்கு என்று நினைத்திருக்கும். இரண்டாவது அடி முழங்கால் எலும்பில் விழுந்தது. மூன்றாவதுக்கு எழுந்தது. கால்களை அகட்டிக்கொண்டு, வெளியே தொங்கும் குளம்புகளோடு, சரிவில் நடந்தது. நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று முக்கியது. நின்றபோதெல்லாம் தனலட்சுமி அடித்தாள். அழவில்லை. அழுதால் கை ஓங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மிதிபட்ட புல்லைக் கையால் நிமிர்த்திக்கொண்டே வந்தார்கள். பேன் பார்ப்பதுபோல அவ்வளவு பொறுமையாக, ஒவ்வொரு தாளாக. ரத்தம் பட்ட மண்ணைச் சுரண்டி முந்தானையில் கட்டினார்கள். படுத்த இடம் மட்டும் நிமிரவில்லை. அங்கே வேறிடத்துப் புல்லை வேரோடு பிடுங்கி வந்து ஊன்றினார்கள்.

வெள்ளைக் கல்லைத் தாண்டி ஐந்தாவது எட்டில் கன்று விழுந்தது. நின்றபடியே போட்டுவிட்டது. கிடேரி, தாயின் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நாக்கு நீலமாக வெளியே கிடந்தது. தனலட்சுமி வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை எடுத்தாள். மூக்கில் ஊதினாள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினாள். ஒருமுறை அதன் காது அசைந்த மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும்.

ஜீப் பதினொன்றரைக்குத்தான் வந்தது. அதற்குள் மூடுபனி இறங்கி மேட்டையே காணோம்.

“மேல ஏறி என்னத்தைப் பாக்கறதுங்க, மூஞ்சிக்கு முன்னால இருக்கற கையே தெரியல” என்றார் ஸ்தனிஸ்லாஸ். டீயை ஊதிக் குடித்தார். “நீங்க சொன்னாச் சரிதானுங்க கவுண்டரே. சாட்சிக்கு ஒரு பொம்பளை கையெழுத்து மட்டும் வேணும்.”

அங்கப்பன் தனலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் பேனாவைப் பிடித்தபோது ஆபீசர் அவள் நகங்களைப் பார்த்தார்.

“கையில என்னம்மா ரத்தம்?”

“நீங்க வர்றீங்கன்னு கோழி அறுத்தாங்க சார்” என்றாள் அமுதா, சட்டென்று.

“அடடா. எங்க வேதத்துல இது தவசுக்காலம், வெள்ளிக்கிழமை வேற. நான் கறி தொடமாட்டேனேம்மா.” அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அடுத்த தடவை நிச்சயம் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிலிருந்து செவலை பால் விடவில்லை. மடி கல்லாக இறுகியது, காம்பைத் தொட்டால் உதைத்தது. ஏற்காட்டுக் கான்வென்ட்டுக்குப் பால் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் பொன்னுவேல் கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவி, மூன்று நாள் காயவைத்தான். தோல்கன்று செய்து முன்னால் நிறுத்தினால் மாடு பால் விடும்; உள்ளே அடைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. மாடுகளைக் கட்டிப்போட்டே தீனி கொடுத்ததில் ஊரில் சாமைத்தாள் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை.

நாலாம் நாள் பொழுது சாய்கிற நேரம் அமுதா வந்தாள். தலையில் ஒரு புல்லுக்கட்டு, இடுப்புயரப் புல், நுனி பழுத்தது. மாட்டுக்கொட்டாயில் தொப்பென்று போட்டாள்.

“பள்ளத்துலதான் அறுத்தேன். அங்கதான் அடர்த்தி.”

“ஆராச்சும் பாத்தா என்னடி பண்ணுவ?”

“ரெண்டூட்டுக்கும் தண்ணி நின்னு போவும். தனியாக் கெடக்கறதுக்கு உங்களுக்கும் பேச்சுத்துணை வேணுமில்லைங்களாக்கா?”

சிரித்தாளா என்று இருட்டிக்கொண்டு வந்ததில் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே புல்லைத் தோலுக்குள் அடைத்தார்கள். அமுதா தோலின் வயிற்றை இழுத்துப் பிடிக்க, தனலட்சுமி கோணி ஊசியால் தைத்தாள். நாலு குச்சியைக் காலாக ஊன்றி, தாயின் முன்னால் நிறுத்தினார்கள்.

செவலை மோந்தது. காதை நக்கியது, பிறகு நெற்றிப் பொட்டை. அடித்தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, பள்ளத்தில் அவளைக் கண்டதும் கொடுத்த அதே சத்தம். மடி இளகியது. தனலட்சுமி குந்தி உட்கார்ந்து செம்பைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டாள். நாலு நாள் பால் சீறிக்கொண்டு இறங்கியது.

பாதிச் செம்பில், நறுக் நறுக்கென்று ஏதோ கேட்டது. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். செவலை தன் கன்றின் வயிற்றுத் தையலில் நீட்டிக்கொண்டிருந்த புல்லை ஒவ்வொரு தாளாக இழுத்து, நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இழுக்கும்போதெல்லாம் கன்று குச்சிக்கால்களில் லேசாக ஆடியது. தனலட்சுமியின் கை நிற்கவில்லை. செம்பில் நுரை மேலே வந்துகொண்டிருந்தது.