சுல்தான் என்ற பெண்குதிரை

வெள்ளறடையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரக்கூரை போட்ட கொட்டகையில் விமலகுமாரி அடிபட்ட குதிரைகளைப் பராமரித்து வந்தாள். பெங்களூரில் ஒரு குதிரை லாயத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். குதிரைகளிடம் அவளுக்கு இருந்த பொறுமையில் கால்வாசிகூட மனிதர்களிடம் கிடையாது.

அஜீஷ் தன் வெள்ளைக் குதிரையை மினி லாரியிலிருந்து இறக்கியபோது அது ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றவேயில்லை. கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரை. இந்தப் பக்கத்தில் முன்பு இல்லாத வழக்கம், வீடியோவுக்காக வந்தது.

"பேரு சுல்தானாக்கும் சேச்சி," என்றான்.

விமலகுமாரி குனிந்து பார்த்தாள். "எலே, இது பெட்டையாக்கும். இத்தன நாளும் ஒனக்குத் தெரியாதா?"

"போட்டோவுல அதெல்லாம் தெரியாதில்லியா."

குளம்பின் அடியில் ஆணி ஏறி, உள்ளே சீழ் கட்டியிருந்தது. பன்னிரண்டு நாளாக நொண்டுவதாகவும், அதற்குள் மூன்று கல்யாணம் ஓட்டிவிட்டதாகவும் அவனே சொன்னான், குதிரை தனக்கு ஏதோ துரோகம் செய்ததுபோல. கால்நடை டாக்டர் ஆர்யா வந்து, கால் மரத்துப்போக ஊசி போட்டு, குளம்படியை வெட்டிச் சீழை வெளியேற்றினார். ஆறு வாரம் குதிரை கொட்டகையைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார்.

தினமும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் குளம்பை முக்கி வைத்து, ஓட்டையில் மருந்துப் பஞ்சு அடைத்து, அழுக்கு ஏறாமலிருக்கக் குழந்தைகளின் டயப்பரால் பொதிந்து டேப் சுற்றுவாள் விமலகுமாரி. மற்ற முன்னங்காலையும் தொட்டுப் பார்ப்பாள். பாரமெல்லாம் அதில் இறங்குவதால், சூடேறினால் அதுவும் கெட்டுவிடும்.

அஜீஷ் ஞாயிறுதோறும் வந்து குதிரை பின்னால் தெரியும்படி எட்டி நின்று வீடியோ எடுத்தான். குதிரையின் காலை மட்டும் காட்டமாட்டான்.

"டயப்பர் நாணக்கேடாக்கும் சேச்சி. ஆளுவ சிரிப்பாவ."

"சிரிக்கட்டு. ஒன்னப் பாத்துத்தான் சிரிப்பாவ."

நாலாம் வாரம் ஒருநாள் விமலகுமாரி தவிடு வாங்கப் பெருங்கடவிளைச் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது கொட்டகை காலியாக இருந்தது. கிழித்தெறிந்த டயப்பர் மட்டும் கிடந்தது. தேட வேண்டிய வேலையில்லை. அதியன்னூரில் எந்த மண்டபம் என்பதுவரை அஜீஷே போன் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். ஆட்டோ பிடித்தாள்.

மண்டபத்துக்கு முன்னால், செண்டைமேளத்தின் நடுவே குதிரை மூன்று காலில் நின்றது. ஆள் வைத்துக் குளம்புகளுக்குத் தங்கநிறப் பெயிண்ட் அடித்திருந்தான். முதுகில் மாப்பிள்ளை. அஜீஷ் கடிவாளத்தை இழுத்துக்கொண்டிருந்தான்.

"எறங்கு மக்கா," என்றாள் விமலகுமாரி மாப்பிள்ளையிடம். "இதுக்குக் காலுல ஓட்டை உண்டு."

"கொஞ்ச தூரம்தானே சேச்சி. வீடியோ ஓடுது," என்றான் மாப்பிள்ளை.

"அந்தக் கொஞ்ச தூரத்த நீ நடக்கலாமே. ஒனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு."

மேளம் நின்றது. மாப்பிள்ளை இறங்கினான். குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கார் இருக்கிறதா என்று யாரிடமோ கேட்டான்.

"எனக்க மானத்தக் களஞ்சிட்டியளே," என்றான் அஜீஷ்.

"இருந்தாத்தானே களையதுக்கு."

அவன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவி, குதிரையின் காலில் சுற்றிக் கட்டினாள். அவன் தடுக்கவில்லை. அதுவரை நொண்டும் குதிரைக்குப் பின்னால் ஆடி வந்தவர்கள் இப்போது அவளைப் படம் பிடித்தார்கள். காறித் துப்பத் தோன்றியது. வாய் வறண்டிருந்தது.

புண் மறுபடி சீழ் வைத்தது. டாக்டர் மறுபடி வெட்டினார். இந்த முறை மூன்று மாதம். விமலகுமாரி கதவுக்குப் பூட்டுப் போட்டாள். அதை முதல் நாளே செய்யாத தன்னையும் அவள் மன்னிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அஜீஷ் வந்தான். "எப்பம் செரியாவும்?"

"வா, காலத் தூக்கிப் பிடி. நான் மருந்து வைக்கேன்."

அவன் உட்கார்ந்து கையை நீட்டினான். குதிரை காதை அசைத்தது. துள்ளி விலகினான். மறுபடி நீட்டி, குளம்பைத் தொடுமுன்பே கையை இழுத்துக்கொண்டான்.

"பயமாக்கும் சேச்சி. மொதல்லேருந்தே."

இரக்கம் வருமோ என்று ஒரு நிமிடம் பார்த்தாள். வரவில்லை.

"அப்பம் இத இங்க விட்டுட்டுப் போ."

"ஒங்க பேருக்கு எழுதித் தாறேன்," என்று உடனே சொன்னான். எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சால்வை போனதற்குக்கூட இதைவிட வருந்தியிருப்பான்.

மழை முடியும்போது குதிரை நாலு காலும் ஊன்றி ரப்பர் தோட்டத்து மண்ணில் நடந்தது. அஜீஷ் இப்போது பூ வைத்த பழைய ஜீப்பில் மாப்பிள்ளைகளை ஏற்றுகிறான் என்று டாக்டர் ஆர்யா சொன்னார்.

"ஜீப்புக்கு நோவாது. அவனுக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டு விமலகுமாரி வாளியோடு கிணற்றுக்குப் போனாள்.