ஆறாம் எண் கால்

என் வலது கால்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. ஷூ தொழிற்சாலையில் பெண்களுக்கான ஆறாம் எண் என்றால் அது என் கால்தான். புது மாடல் எதுவானாலும் முதலில் நான் போட்டு நடக்க வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, மாஸ்டர் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்த் திருத்துவார்.

அந்தப் பாதத்தின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சிவப்புக் கட்டி முளைத்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கெட்ட கட்டியோ என்ற பயம் ஒரு பக்கம். மாஸ்டர் வேறு காலைத் தேடிவிடுவாரே என்ற பயம் அதைவிடப் பெரிது. சாக்ஸோடு ஷூவைப் போட்டுக்கொண்டு, "இங்க முட்டுது மாஸ்டர்" என்பேன். அவரும் உள் அட்டையில் அந்த இடத்தைச் செதுக்குவார். நாலு தடவை செதுக்கிய பிறகு நடக்கச் சுகமாக இருந்தது. அந்த மாடல் கடைக்கும் போய்விட்டது.

ஒருநாள் சாக்ஸில் ரத்தக் கறையை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா கட்டியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பயப்படாதீங்க, கெட்ட கட்டி இல்ல. வியர்வைக் குழாய்லேருந்து வளர்றது, ரொம்ப அபூர்வம். முழுசா எடுத்தாச்சு" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. டாக்டரம்மா தன் ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் உதைத்தார்.

"எனக்கும் பாதத்துல என்னமோ மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு வந்ததுதான் எனக்குமோன்னு தினமும் தடவித் தடவிப் பார்த்தேன். கடைசில பார்த்தா, இந்தப் புது ஷூவுல பள்ளம்! எந்தப் புண்ணியவான் செஞ்சானோ!"

குனிந்து பார்த்தேன். எங்கள் மாடல்.

உண்மையைச் சொன்னதும் டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் காலில் கட்டோடு நேரே மாஸ்டரிடம் போனேன்.

"தப்பு ஷூவுல இல்ல மாஸ்டர், என் கால்ல."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் பழைய உள் அட்டையை எடுத்து என் பாதத்தில் வைத்துப் பார்த்தார். பள்ளம் கட்டின் மேல் அச்சாகப் பொருந்தியது.

"வேற கால் தேடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு பட்டாணிக்கே இவ்வளவு கச்சிதமா இடம் சொன்ன கால விட்டுட்டு, எங்க போய்த் தேடுறது?" பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இனிமே மட்டும் முதல்ல சாக்ஸக் கழட்டும்மா."