கால் மாற்றி நடந்த குடும்பம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு வராமல் என்ன செய்யும்? அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட எரிந்து விழுந்துவிட்டேன். "போர்ல உங்கப்பா எத்தனை பேரைச் சுட்டாராம்?" என்று ஒருத்தர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டால், பின்னே கொஞ்சவா முடியும்?

ஒருத்தரையும் சுடவில்லை. காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருவதுதான் அப்பாவின் வேலை. மூன்று வருஷம் அதைத்தான் செய்தார். சின்ன வயதில் தம்பி, அப்பாவின் துப்பாக்கியைப் பற்றி வகுப்பு முழுக்க அளந்துவிட்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் ஓவென்று அழுதான். நான்தான் கேட்டேன், "எத்தனை பேரைப்பா தூக்கினீங்க?" என்று.

"எண்ணலம்மா. கனம் மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார்.

அதற்கு மேல் போரைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. எண்பத்தெட்டு வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேரும்வரை அப்படித்தான்.

ஆனால் எங்களை ஒரு பெஞ்சு தூக்க வைத்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில், மற்ற பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடும் நேரத்தில், நானும் தம்பியும் ஒரு மர பெஞ்சைத் தூக்கிக்கொண்டு கொல்லையிலிருந்து சமையலறை, கூடம் வழியாக வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும். பெஞ்சின் நடுவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளர் ஒன்று இருக்கும்.

நான் முன்னால், தம்பி பின்னால். "நீ இடது கால் எடுத்தா அவன் வலது கால் எடுக்கணும். ரெண்டு பேரும் ஒரே கால் போட்டா ஆடும்" என்பார் அப்பா. முன்னால் போகிறவள் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: படி, கல், பள்ளம். பின்னால் வருகிறவன் டம்ளரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. முடிந்ததும் அப்பா குனிந்து பெஞ்சை ஒற்றை விரலால் தடவுவார். ஈரம் இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இல்லாவிட்டால் "சிந்தலை" என்பார். அதுதான் பாராட்டு. இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

"இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று கத்துவேன். "வாயைக் குறைச்சுக்கிட்டுத் தூக்குடி" என்பாள் அம்மா.

இந்தக் கூத்தில் தம்பிக்குப் பள்ளி விளையாட்டு விழாவில் மானம் போனது. அணிவகுப்பில் எல்லோரும் இடது கால் போட, பழக்கதோஷத்தில் இவன் வலது காலைப் போட்டான். பின்வரிசையே குலைந்துவிட்டது. "பட்டாளத்துக்காரர் பையனுக்கு இடது வலது தெரியாதா?" என்று வாத்தியார் காதைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். வீட்டில் அப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "என் பையன் சரியாத்தானேடா நடந்திருக்கான்!"

போரிலிருந்து வந்தபிறகு அப்பா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். ஆள் உயரக் கண்ணாடிகளை வீடுவீடாகக் கொண்டுபோய் மாட்டும் வேலை. முப்பத்தொரு வருஷத்தில் ஒன்றுகூட உடையவில்லை. புது ஆள் யாராக இருந்தாலும் முன்னால் விட்டுவிட்டு, அப்பா எப்போதும் பின்பக்கம்தான் பிடிப்பார். ஏனென்று நான் கேட்டதில்லை.

அப்பா போன நாற்பதாம் நாள் காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எழுபத்தொன்பது வயது. நல்லவேளை, தம்பியும் அன்று வீட்டில் இருந்தான். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தெருவுக்குள் வர முடியவில்லை. குழாய் பதிக்கிறோம் என்று தெருவையே தோண்டிப் போட்டிருந்தார்கள் புண்ணியவான்கள். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நடந்து வந்தார்கள். போனில் டாக்டர் சொன்னதை அவர்களில் மூத்தவர் எங்களிடம் சொன்னார்: "இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கும்போல. அசங்கி விலகிடுச்சுன்னா அப்புறம் நடக்கறது கஷ்டம். உயிருக்கே ஆபத்தாயிடும்."

பத்தடிகூடப் போயிருக்க மாட்டார்கள், அம்மா அலறினாள். அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. என் கண் தானாக அவர்கள் கால்களுக்குப் போனது. இரண்டு பேரும் ஒரே கால். இடது, இடது. வலது, வலது. ஸ்ட்ரெச்சர் ஊஞ்சலாடியது.

"நிறுத்துங்க! கீழ வைங்க!"

"அக்கா, எங்க வேலை எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்ச லட்சணம்தான் தெரியுதே! தள்ளுங்க!"

திரும்பிப் பார்த்தால் தம்பி ஏற்கெனவே பின்பக்கம் போய், குனிந்து கைப்பிடியைப் பிடித்திருந்தான். நான் முன்பக்கம் பிடித்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முட்டிவலி வேறு. தூக்கினோம். நான் இடது கால் எடுத்தேன். அவன் எந்தக் காலை எடுத்தான் என்று பார்க்கவே தேவையிருக்கவில்லை.

"கல்."

"ம்."

"குழாய் கிடக்கு. ஒசத்து."

"ம்."

"சரிவு. மெதுவா."

அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. அலறினால்கூடத் தேவலை என்றிருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. தரையைவிட்டுக் கண்ணை எடுத்தால் தொலைந்தோம்.

"டேய், அம்மா முகம் எப்படிடா இருக்கு?"

"கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கா. என்னையே பாக்குறா. நீ நட."

அவன் குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னால் போகிறவளுக்குத் தரை மட்டும்தான். பின்னால் வருகிறவனுக்குத்தான் முகம். அப்பா எப்போதும் பின்பக்கம் பிடிக்கிறவர்.

மூன்று வருஷம்! எத்தனை முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டு வந்திருக்கும்? எத்தனை கண்கள் வழியிலேயே மூடியிருக்கும்? கனம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம். பொய், பச்சைப் பொய். அத்தனையையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, எங்களுக்குப் பென்சில் சீவிக் கொடுத்து, தம்பியின் அணிவகுப்புக்கு விழுந்து விழுந்து சிரித்த மனுஷனை நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்! அடேயப்பா, நீ எப்பேர்ப்பட்ட ஆளப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"என்னக்கா?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்ல. பள்ளம். பாத்து."

முந்நூறு அடி இருக்கும். ஆம்புலன்ஸில் ஏற்றியபோது என் கைகள் மரத்துப் போயிருந்தன. "எங்க அக்கா கத்துக்கிட்டீங்க?" என்று அந்த மூத்தவர் கேட்டார். "எங்க வீட்டு பெஞ்சுல" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னார்: "உடைஞ்சிருக்கு, ஆனா துளிகூட விலகல. ஆபரேஷன் பண்ணிடலாம். அம்மா நடப்பாங்க."

அம்மா இன்னும் ஸ்ட்ரெச்சரில்தான் படுத்திருந்தாள். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஒரு கையை மெல்ல நகர்த்தி, ஸ்ட்ரெச்சரின் விளிம்பை ஒற்றை விரலால் தடவினாள். விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சிந்தலை" என்றாள்.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வராந்தாவே கேட்கும்படி அழுதேன். சத்தம் போடாதீங்க என்று நர்ஸ் வந்து திட்டினாள். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் யாரையும் திருப்பித் திட்டவில்லை.