முதலில் சாவது யார்?

பஞ்சு அதுவரை நடித்த மூன்று படங்களிலும் செத்துப்போயிருந்தாள். மூன்றுமே பள்ளிப் பிள்ளைகள் பேயிடமோ கொலைகாரனிடமோ மாட்டிக்கொள்ளும் கதைகள். மூன்றிலும் முதல் சாவு அவளுடையதுதான்.

கன்னமும் கையும் கொழுகொழுவென்று இருந்ததால் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர்தான் பஞ்சு. சினிமாவுக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. சீருடை மாட்டி இரட்டைப் பின்னல் போட்டுவிட்டால் இன்னும் பதினேழு வயது என்றே நம்பிவிடுவார்கள். படத்தில் அவளுக்கு வேலையும் அதிகமில்லை. எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்க வேண்டும், நடுநடுவே கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும், இருட்டில் ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் “யாரது?” என்று கேட்டுக்கொண்டே தனியாகப் போக வேண்டும். போனால் திரும்பி வரமாட்டாள். அவளுடைய தோழிகள் அழுது முடித்துக் கதையைத் தொடர்வார்கள்.

நாலாவது படத்துக்குக் கூப்பிட்ட இயக்குநர் இளைஞர். நிறையப் படித்தவர், அதைவிட நிறையப் படம் பார்த்தவர். நாற்காலியில் உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே கதை சொன்னார்.

“இது வழக்கமான பேய்ப்படம் இல்ல பஞ்சு. இதுல வர்ற பசங்க எல்லாரும் பேய்ப்படம் பாத்தே வளந்தவங்க. எப்ப என்ன நடக்கும்னு அவங்களுக்கே அத்துப்படி. படத்துக்குள்ள இருந்துக்கிட்டே படத்தைக் கிண்டல் பண்ணுவாங்க. தன்னைப் பாத்துத் தானே சிரிச்சுக்கிற படம்!”

பஞ்சுவுக்குக் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. “அப்ப நான் யாரு சார்?”

“நீங்கதான் அந்தக் கூட்டத்திலேயே அறிவாளி. ‘குண்டா இருக்கிறவதான் முதல்ல சாவா, அதுதான் விதி’ன்னு நீங்களே சொல்றீங்க.”

“சொல்லிட்டு?”

“சாகறீங்க.”

அவர் அதை அத்தனை பெருமையாகச் சொன்னதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு சரி என்றும் சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான், சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது.

மூடிக்கிடந்த ஒரு பள்ளி விடுதியில் படப்பிடிப்பு. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, பட்டப்பகலை நடுராத்திரியாக்கியிருந்தார்கள். கொலைகாரனாக வந்தவர் பஞ்சுவுக்குப் பழக்கமானவர். சண்டைக்காட்சிகளில் விழுந்து எழுந்து, வயசான பிறகு முகமூடி வேஷங்களுக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் முகமூடி அண்ணன். போன இரண்டு படங்களிலும் அவளைக் கொன்றது அவர்தான்.

“தங்கச்சி, சாப்டியாம்மா? சாப்டுட்டு வா, அப்புறம் குத்துறேன்” என்பார். ரப்பர் கத்தி பட்டால்கூட வலித்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த குத்து.

கதாநாயகன் பனைமரம் மாதிரி உயரம். எந்தப் படத்திலும் கடைசி நிமிஷத்தில் கதவை உடைத்துக்கொண்டு வந்து காப்பாற்றுகிறவன். கதாநாயகி அடக்கமான பெண். எல்லாப் படத்திலும் அழுவாள், ஓடுவாள், கடைசியில் அவள் மட்டும் பிழைப்பாள்.

பஞ்சு சாக வேண்டிய நாள் வந்தது. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் கோகோ பொடியும் கலந்து ரத்தம் காய்ச்சினார் மேக்கப் அக்கா. அதைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வந்ததும் அந்த அரையிருட்டில் அப்படியே எடுத்து பஞ்சுவின் சட்டைக்குள் வைத்து ஒட்டிவிட்டார்.

காட்சி நன்றாகத்தான் ஆரம்பித்தது. நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து பேய்ப்படங்களைக் கிண்டல் செய்கிறார்கள். பஞ்சு தன் வசனத்தைச் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நிலவறையில் ஏதோ உருளுகிறது. பஞ்சு டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் படி இறங்குகிறாள். பின்னால் முகமூடி. ஒரு குத்து. பை உடைந்து ரத்தம் கொட்ட, திறந்த கண் மூடாமல் சாய்ந்தாள். நண்பர்கள் ஓடி வந்தார்கள். நாயகி அவள் மேல் விழுந்து கதறத் தொடங்கினாள்.

அப்போதுதான் பிணத்துக்கு இடுப்பில் சுருக்கென்றது.

பல்லைக் கடித்துக்கொண்டாள். விலாவில் இன்னொன்று. ஜன்னலோரத்துச் சிவப்பெறும்புகள் பாகோடு சேர்ந்து சட்டைக்குள் குடிவந்திருந்தன. கண்ணைத் திறந்தபடியே எவ்வளவு நேரம்தான் செத்துக்கிடப்பது? அக்குளுக்குள் ஒரு கூட்டமே இறங்கியதும், “ஐயோ அம்மா!” என்று பிணம் துள்ளி எழுந்தது.

அதுவரை நடிப்புக்காகக் கதறிக்கொண்டிருந்த நாயகி உண்மையாகவே அலறினாள். ஊரையே காப்பாற்றும் நாயகன் ஒரே தாவில் மேஜை மேல் ஏறிவிட்டான். முகமூடி போட்டால் அண்ணனுக்குக் கைத்தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அவள் மேல் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, “தங்கச்சி! என்னாச்சும்மா?” என்று கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடினார். கத்தி கையிலேயே இருந்தது.

வெளியே சுள்ளென்ற வெயில். ரத்தத்தில் குளித்த பள்ளிக்கூடப் பெண் தன்னைத் தானே அறைந்துகொண்டு முற்றத்தில் ஓடினாள். பின்னால் கத்தியோடு முகமூடி. வாசலில் தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர் கேனை அப்படியே போட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்தார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

குழாயடியில் குளித்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பஞ்சு வந்தபோது எல்லோரும் கணினித் திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒளிப்பதிவாளர் கடைசிவரை கேமராவை நிறுத்தவேயில்லை. செத்தவள் எழுந்து ஓடுவதைத் திரும்பத் திரும்பப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முகத்தை உர்ரென்று வைத்திருந்த இயக்குநரும், மேஜைமேல் நிற்கும் நாயகனைப் பார்த்ததும் உடைந்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சரி, போதும். புதுசா ரத்தம் காய்ச்சுங்க. திரும்ப எடுக்கலாம்.”

“சார், ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் பஞ்சு. இதுவரை எந்த இயக்குநரையும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. “இந்தப் பொண்ணுக்கு எல்லா விதியும் தெரியும்தானே?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் சார் தனியாப் போறா?”

“அதுதானே வேடிக்கையே! தெரிஞ்சிருந்தும் போறா. ஜனங்களுக்கும் அது தெரியும், நமக்கும் தெரியும்...”

“மத்தவங்க தெரியாம என்னைக் கொன்னாங்க. நீங்க தெரிஞ்சே கொல்றீங்க. இதானே சார் வித்தியாசம்?”

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. இயக்குநர் கையிலிருந்த கதைத்தாளைப் புரட்டினார்.

“ஆனா யாராவது ஒருத்தர் சாகணுமே பஞ்சு” என்றார் கடைசியில், கெஞ்சுகிற குரலில். “முதல் சாவு இல்லாம கதை எப்படி நகரும்?”

“நான் சாகட்டுமா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாயகன் வகுப்பில் நிற்பவன்போலக் கையைத் தூக்கியிருந்தான்.

“எத்தனை படமா காப்பாத்திக்கிட்டே இருக்கேன் சார். சட்டை கசங்கறதுக்குக்கூட விட மாட்டேங்கறாங்க. ஒரே ஒரு தடவை நல்லாத் துடிச்சுச் சாகணும்.”

“அவன் செத்தா நான் அழ மாட்டேன்” என்றாள் நாயகி சட்டென்று. “அவன்மேல கோவம்லாம் இல்ல. அழுது அழுது எனக்குக் கண்ணே வத்திப்போச்சு. யாரையாவது எட்டி உதைக்கணும்போல இருக்கு.” சொல்லிவிட்டு முகமூடி அண்ணனைப் பார்த்தாள்.

“தாராளமா உதைங்க பாப்பா” என்றார் அவர். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வியர்த்திருந்த முகம் கொஞ்சம் சிவந்தது. “சார், எனக்கும் ஒண்ணு. ஒரு வசனம் வேணும். எதுவா இருந்தாலும் சரி. என் பொண்ணு தியேட்டர்ல என் குரலைக் கேட்டதே இல்ல.”

இயக்குநர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வாங்க, உக்காருங்க. முதல்லேருந்து பேசுவோம்.”

மறுநாளிலிருந்து அந்த விடுதி பள்ளிச் சுற்றுலா மாதிரி ஆகிவிட்டது. நிலவறையில் சத்தம் கேட்டதும் பஞ்சு டார்ச்சை எடுக்கவில்லை. “தனியாப் போறதா? வெளையாடறீங்களா? எல்லாரும் எந்திரிங்கடா!” என்றாள். நண்பர்கள் ஆறு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். கீழே ஒளிந்திருந்த முகமூடி, இத்தனை பேரைச் சேர்த்துப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். அந்த விழிப்பு நடிப்பே இல்லை.

நாயகன் சாகிற அன்றுதான் பெரிய பாடு. விழுந்தான், எழுந்தான், சுவரைப் பிடித்தான், வானத்தைப் பார்த்தான், மறுபடி விழுந்தான். கண்ணை மூடியவன் ஞாபகம் வந்தவன்போலத் திறந்து இன்னொரு வாக்கியம் பேசினான். இயக்குநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “செத்துத் தொலைங்க சார்!” என்று கத்தினார். அந்தக் குரலையும் படத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

நாயகியின் உதை வாங்கி மாடிப்படியில் உருண்ட முகமூடி அண்ணன், தன் வசனத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, “கொஞ்சம் இருங்கம்மா. மூச்சு வாங்குது” என்றார்.

படம் வெளியான அன்று பகல் காட்சிக்கு பஞ்சு தன் அம்மாவோடு போனாள். அம்மாவுக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. பல் பிடுங்கப் பயந்து வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள். ஆனால் சொந்த மகள் சாவதைப் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் கிடையாது. மகள் நடித்த ஒவ்வொரு படத்துக்கும் ஆசையாகப் போவாள், மகள் தனியாக இருட்டுக்குள் போகிற கட்டம் வந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்தப் படத்தைப் பற்றி பஞ்சு அவளிடம் மூச்சு விடவில்லை.

நிலவறையில் ஏதோ உருண்டது. அம்மா கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“சரிடி, நான் கெளம்பறேன். நீ இருந்து பாத்துட்டு வா.”

“உக்காரும்மா.”

“வேணாம்டி, என்னால ஆகாது.”

“உக்காரேன்! இன்னிக்கு ஒரு நாள்.”

“எல்லாரும் எந்திரிங்கடா!” என்று திரையில் பஞ்சு சொன்னதும் அரங்கமே விசிலடித்தது. பின்வரிசையில் யாரோ ஒரு பெண், “அப்படிச் சொல்லு!” என்று கத்தினாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் உயிரோடு படி ஏறி வருவதைப் பார்த்தாள். அதற்கப்புறமும் நம்பவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் பஞ்சுவின் கையை நெரித்தாள். “மூச்சு வாங்குது” வந்தபோது அரங்கம் அதிர்ந்த அதிர்வில் அடுத்த இரண்டு வசனம் யார் காதிலும் விழவில்லை. முன்வரிசையில் முகமூடி அண்ணனின் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று, “எங்கப்பா! அது எங்கப்பா!” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கு போட்டதும் அம்மா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முடிஞ்சிருச்சும்மா.”

“இவ்வளவு நீளமாடி இருக்கும் ஒரு படம்?” என்றாள் அம்மா.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. சாயங்கால வெயில் அம்மாவின் முகத்தில் விழுந்தது. எதையோ கணக்குப் போடுகிறவள்போல யோசித்துக்கொண்டே வந்தவள் திடீரென்று கேட்டாள்:

“ஏண்டி, அந்த முதல் படத்துல உன்னைக் கொன்னது யாரு?”

“கணக்கு வாத்தியார்மா.”

“வாத்தியாரா!” அம்மா போட்ட சத்தத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். “போடி இவளே! உனக்குத் தண்ணிப் பாட்டில் எல்லாம் எடுத்துக் குடுத்தாரே. அவரு எவ்வளவு நல்லவரு!”

“நீ எந்திரிச்சுப் போனப்புறம்தான்மா கெட்டவராயிட்டாரு.”

“நானும்தான் ஏமாந்தேன்” என்றார் முன்னிருக்கையில் இருந்த ஓர் அம்மாள், பஞ்சுவை அடையாளம் தெரிந்துகொண்டு. “கடைசிவரைக்கும் அந்த வாட்ச்மேன்னுதான் நெனச்சேன்.”

“வாட்ச்மேன் வேற இருந்தானா?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “இருங்க, இருங்க. நீங்க சொல்லாதீங்க, அவளே சொல்லட்டும். நான் செத்ததுலேருந்து ஆரம்பிடி.”

“நீயா செத்த?”

“ஏதோ ஒண்ணு. ஆரம்பி!”

பஞ்சு சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருக்கையில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து, தான் செத்ததற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினாள்.