எங்கிருந்தாலும் மைக் அருகே வரவும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, காதில் விழுந்தது. 2002இல் அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பதினைந்து வயதுப் பெண் திடீரென்று கணீரென அறிவித்தாள்:

"விழுப்புரத்திலிருந்து வந்திருக்கும் எல்லம்மாள், எங்கிருந்தாலும் உடனடியாக மைக் அருகே வரவும். உங்கள் கணவர் சக்கரபாணி இங்கே காத்திருக்கிறார்."*

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் சிரிக்காமல் பெண்ணின் வாயைப் பொத்தினாள். அந்தக் கைதான் என்னை எழுத வைத்தது. பெயர்கள் உட்பட மிச்சமெல்லாம் என் சரக்கு.

* பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பிரிந்துபோனவர்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு அறிவிப்பும் இரண்டு தரம்.

2

"அண்ணாமலையின் மேல் முழுநிலவு பாலாய்ப் பொழிந்துகொண்டிருந்த

(வேண்டாம். பௌர்ணமியன்று அந்த அம்மாவுக்கு, பாஞ்சாலை என்று வைத்துக்கொள்வோம், அண்ணாந்து பார்க்க ஏது நேரம்? டீ ஆற்ற வேண்டும்.)

"மதிவதனி ஒரு தெய்வக் குழந்தை. அவள்

(இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன். பாஞ்சாலையிடம் இப்படிச் சொன்ன யாரும் அந்தப் பெண்ணை ஒரு பொழுதாவது பார்த்துக்கொண்டதில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். பாஞ்சாலையின் வீடு கிரிவலப் பாதையில். வாசலில் டீக்கடை, எதிரே கரண்ட் கம்பம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதில் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அவள் மகள் மதிவதனி பேசக் கற்றது அந்த ஸ்பீக்கரிடம். தாகமெடுத்தால் டம்ளரை நீட்டுவாள், தண்ணீர் என்று கேட்க மாட்டாள். அம்மா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஆனால் எங்கோ ஊரில் இருக்கும் எல்லம்மாளை வாய் நிறையக் கூப்பிடுவாள். டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். தெரு "மைக்செட்டு" என்று பெயர் வைத்தது.

பாஞ்சாலைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வாய் ஒரு தரம் தன்னைக் கூப்பிட வேண்டும். (இதை மறந்துவிடாதீர்கள். கதை இதில்தான் தொங்குகிறது.)

3

வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டுக் கூடத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஆர்த்தி என்கிற பெண் சனிக்கிழமை வகுப்பு நடத்தினாள். களிமண், கலர், மேளம், நாடகம்.

(ஆர்த்தியோடு எனக்குத் தீராத தகராறு. எப்படி எழுதினாலும் புன்னகைத்து அறிவுரை சொல்கிறாள். அதனால் ஜலதோஷம் பிடிக்க வைத்திருக்கிறேன். தொண்டை கட்டியவள் அதிகம் பேச மாட்டாள் அல்லவா?)

"மேடம், இது மைக்ல பேசற மாதிரி பேசுதே, அத்த நிறுத்தணும். அதுக்குத்தான் இட்டுனு வரேன்," என்றாள் பாஞ்சாலை.

ஆர்த்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கூம்பாகச் சுருட்டி மதிவதனியிடம் கொடுத்தாள். களிமண்ணைத் தொடக் கூசி, மேளச் சத்தம் தாங்காமல் மூலையில் காதைப் பொத்தியிருந்த பெண், அதை வாயில் வைத்துப் பார்த்தாள். விரல்களைப் படபடவென்று உதறினாள். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் உதறுவாள். அன்றிலிருந்து நாடகத்துக்கு அவள்தான் அறிவிப்பாளர். அவள் கூப்பிட்டால், வகுப்பில் இருந்த முருகவேல் ராஜாவாக வந்தான், தென்றல் என்ற பெண் மழையாக வந்தாள். இத்தனை வருஷம் அவள் கூப்பிட்டு யாரும் வந்ததில்லை.

பாஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்தச் சொன்னா பெருசாக்கி வுட்டீங்களே! பஸ்ல சிரிக்கிறாங்களே, அது உங்களுக்கா எனக்கா?"

"அவ சந்தோஷமா இருக்காம்மா. பாருங்க."

"இருக்கறா. இல்லன்னு சொல்லல. அதுல நான் எங்க இருக்கறேன்?"

(இந்த வரியை நான் யோசிக்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.)

நாடகம் முடிந்ததும் பெண்ணை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவது என்று பாஞ்சாலை அன்றே முடிவு செய்தாள்.

4

நாடகத்தன்று மற்ற பெற்றோர் பாயில் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலை உள்ளே போகவில்லை. வெளியே, செருப்புகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே ராஜாவைக் கூப்பிட வேண்டிய இடம் வந்தது. மதிவதனி கூம்பை எடுத்தாள். பாய் நெடுகத் தேடினாள். பிறகு

(இங்கே முன்பு "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எழுதிவிட்டு நானே அழுதேன். அப்புறம் கிழித்துப் போட்டேன். யாராவது கட்டிப்பிடித்தால் அவளுக்கு உடம்பு கூசும். என் அழுகைக்காக அவள் ஏன் கூச வேண்டும்?)

பிறகு கணீரென்று சொன்னாள்:

"அடி அண்ணாமலையிலிருந்து வந்திருக்கும் பாஞ்சாலை, எங்கிருந்தாலும் உடனடியாக மைக் அருகே வரவும். உங்கள் மகள் மதிவதனி இங்கே காத்திருக்கிறார்."

நாடகத்தில் இந்த வரி கிடையாது. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

5

பாஞ்சாலை சுவரிலிருந்து வாசல் பக்கம் திரும்பினாள். தொலைந்துபோனது மகள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஆனால் மைக்கில் கூப்பிடுவது தொலைந்தவர் பெயரைத்தானே? தேடுகிறவர் மைக் பக்கத்தில் நிற்பார்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், உள்ளே போய், தொடாமல், மகளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, "வந்துட்டேன்டி" என்கிறாள். இன்னொன்று அடுத்த சனிக்கிழமை நடக்கிறது. அறிவிப்பு வருகிறது, பஸ் சிரிக்கிறது, பாஞ்சாலையின் கை எழுகிறது. வாயைப் பொத்துவதற்கு அல்ல, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல.

இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இரண்டின் மேலும் சந்தேகம்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். மதிவதனி இரண்டாம் தரமும் சொல்லிவிட்டாள். மூன்றாம் தரம் என்று ஒன்று கிடையாது. கூப்பிட்டால் ஆள் வரும் என்று இப்போதுதான் கற்றிருக்கிறாள். கூம்பை இறக்காமல் வாசலையே பார்க்கிறாள். பாஞ்சாலைக்குக் கால் எழவில்லை. எனக்கும் பேனா ஓடவில்லை.

நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். அந்த அம்மாவின் முழங்கையைத் தொட்டு, மெல்ல உள்ளே அனுப்பிவிடுங்கள். மைக் அருகே ஒருவர் காத்திருக்கிறார்.