நாலாவது நிறம்

மேட்சிங் ஜாக்கெட் துணிக்கு நிறம் பார்த்துச் சொல்வது பறவைகளின் வேலை. மனிதக் கண்ணுக்கு மூன்று நிறமும் அவற்றின் கலவையும்தான் பிடிபடும். பறவைக்கு நான்கு. அந்த நாலாவது ஒத்துப்போகாமல் விசேஷ வீட்டில் போய் நின்றால் மானம் போய்விடும்.

அமராவதிக்கு மறுநாள் மகளின் நிச்சயதார்த்தம். கத்திரிப்பூ நிறப் பட்டுக்கு இன்னும் ஜாக்கெட் அமையவில்லை. நாத்தனார் மனோரஞ்சிதம் தோளில் மைனாவோடு வருவாள். போன வளைகாப்பில் அந்த மைனா, "அத்தைக்குப் புடவை ஒரு பக்கம், ஜாக்கெட் ஒரு பக்கம்" என்று பந்தியில் வைத்தே சொன்னது. அன்று அமராவதிக்குப் பாயசம் இறங்கவில்லை.

கடையில் நிறம் பார்ப்பவர் ஒரு பனங்காடை. கடைக்காரர் சின்னக்கருப்பன் அவரை மாஸ்டர் என்பார். மாஸ்டர் புடவையை இடது கண்ணால் பார்த்தார். கண்ணை உருட்ட வராது என்பதால் தலையைத் திருப்பி வலது கண்ணாலும் பார்த்தார். மூன்றாவது இமை குறுக்கே ஓடி ஒருமுறை துடைத்தது.

"மூணு சரி. நாலாவது உதைக்குது."

நாற்பது துணிகளைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார்கள். நாற்பதும் உதைத்தன. தையல்காரர் நாலு மணிக்கு மேல் துணி வாங்க மாட்டார்.

"அப்படி என்னதான் நிறம் அது, மாஸ்டர்?"

"சொன்னா வெச்சுக்க உங்க கண்ணுல இடம் இல்லம்மா."

அமராவதிக்கு அழுகை முட்டியது. மூக்கைத் துடைக்கக் கைக்கு எட்டிய துணியை எடுத்தாள். மாஸ்டர் இரண்டு இறக்கைகளையும் விரித்துவிட்டார்.

"அதேதான்!"

அது மேசை துடைக்கிற துணி. பழுப்பு நிறம், மூலையில் டீக்கறை.

"துவைச்சுத் தரட்டுமாம்மா?" என்றார் சின்னக்கருப்பன்.

"தொடாதீங்க. கறையோட சேர்த்துத்தான் மேட்ச்," என்றார் மாஸ்டர்.

மறுநாள் மனோரஞ்சிதம் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன அண்ணி, கரித்துணியத் தெச்சுப் போட்டிருக்கீங்க?"

மைனா ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. பிறகு அவள் தோளிலிருந்து பறந்து வந்து அமராவதியின் தோளில் உட்கார்ந்தது.

"சும்மா இரும்மா," என்றது. "உனக்கு மூணுதானே தெரியும்."

தெருவில் இருந்த குருவி, காக்கை, புறா எல்லாம் ஜன்னல் கம்பியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மாப்பிள்ளையின் அம்மா கடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அமராவதி மூன்று டம்ளர் பாயசம் குடித்தாள்.

அடுத்த நாள் அறைக்குள் கொடியில் காய்ந்த பட்டுப்புடவையை மடிக்கப் போனபோது, முந்தானைச் சுருக்கத்தில் இரண்டு முட்டைகள் இருந்தன. அவள் புடவையை அப்படியே விட்டுவிட்டு, பதினைந்து நாளைக்கு அந்த அறையில் யாரும் ஃபேன் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.