நாலாவது கார்னர்

பையைத் திறந்தது தண்ணீர் பாட்டிலுக்காகத்தான். ஹாக்கி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி தொடங்கிவிட்டது. மகளின் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கண்ணாடிக்காரருக்குக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோயிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் மகள் அவர் மடியில் போட்டுவிட்டுப் போன பைக்குள் கையை விட்டார். பாட்டில் கிடைக்கவில்லை. வழுவழுவென்று, வளைவாக, கண் இருக்கும் இடத்தில் கம்பி வைத்த ஒரு பொருள் கையோடு வந்தது. முகமூடி.

"மாப்ள, இது ஏன்டா இங்க கிடக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பதறாத ஆள். முகமூடியைப் பார்த்ததும் அவன் வாயில் போட்டிருந்த மிட்டாயை மெல்லுவதை நிறுத்தினான்.

"அவ மாஸ்க்குதான் மாமா. நான் வாங்கிக் கொடுத்தது."

"வேற ஒண்ணு வச்சிருப்பாளோ?"

"இருக்கறதே இது ஒண்ணுதான். டீம் பெட்டியில இருக்கறது எதுவும் அவ மூஞ்சிக்கு நிக்காது. இது இல்லாம எப்படி கார்னருக்கு ஓடுவா?"

 எப்படி ஓடுவாள் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். ஏன் ஓடுவாள் என்றும் தெரியும். 

பெனால்டி கார்னர் என்பது பார்க்கிறவனுக்குக் கொண்டாட்டம், தடுக்கிறவனுக்குக் கண்டம். கோல்கீப்பரும் நான்கு பேரும் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். எதிரணிக்காரி பந்தைக் கோட்டிலிருந்து மைதானத்துக்குள் தள்ளிவிட்டதும், வட்டத்தின் விளிம்பில் இன்னொருத்தி அதை நிறுத்த, மூன்றாமவள் கோலைப் பார்த்துச் சுண்டுவாள். அந்தச் சுண்டுகிற மட்டைக்கு நேராக, முதல் ஆளாக ஓடிப்போய் விழ ஒருத்தி வேண்டும். இந்த அணியில் அது இவர் மகள். முகமூடி கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. புத்தி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்தப் புத்தியைக் கெடுத்தவர் யார் என்றா கேட்கிறீர்கள்? இதோ, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இந்த மகானுபாவர்தான்.

அவர் கடையில் கண் சோதிக்கப் போனால் ஹாக்கிப் பேச்சுக் கேட்காமல் வெளியே வர முடியாது. சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடிவிடுவார். எழுந்து ஓட வழியில்லை. "இது தெளிவா, இது தெளிவா" என்று வில்லையை மாற்றி மாற்றிப் போடும்போதே, இந்த வருஷம் நம்ம டீமுக்கு நடுவரிசையே இல்லை, கால் இறுதியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஆரம்பிப்பார். பிறகு அந்தக் காலம். புல்தரை, மரமட்டை, எல்லாக் காலத்துக்குமான அவருடைய பதினொரு பேர். அந்தப் பட்டியலில் எத்தனையோ பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இறங்காத ஒரே ஆள் 'கதவு'.

கதவு என்பது பட்டப்பெயர். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், இதே ஊர் அணிக்கு, கார்னருக்கு முதல் ஆளாக ஓடியவன். இறுதி ஆட்டத்தில் அடுத்தடுத்து மூன்று கார்னர், மூன்றையும் வெறும் முகத்தோடு ஓடிப்போய்த் தடுத்தான். கண்ணாடிக்காரர் அதை நடித்தே காட்டுவார். மூன்றாவது கார்னர் முடிந்ததும் கைதட்டல் வாங்கிக்கொண்டு வில்லையைத் துடைக்கப் போய்விடுவார்.

மச்சினன் மட்டும் விடமாட்டான். "அப்ப அடிச்சா பந்து தரையோட வரும் மாமா. இப்ப சுண்டுனா நெஞ்சுக்கு வருது. கதவை இப்பக் கொண்டாந்து நிறுத்துங்க, அவனே ரெண்டு மாஸ்க் கேப்பான்."

"போடா. மாஸ்க் போட்டா ஓடுறது மூஞ்சிடா, நெஞ்சு இல்ல."

போன வியாழக்கிழமை மகள் கடைச் சாவியை வாங்க வந்தபோதும் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் சும்மா இராமல், "உங்க பதினொரு பேர்ல பொண்ணுக்கு இடம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். கண்ணாடிக்காரர் சிரித்தார். "மாஸ்க் இல்லாத காலத்துல பொறந்திருந்தா பாத்திருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று காலை ஷூ லேஸ் கட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "கதவு அன்னிக்கி எத்தனை கார்னர்ப்பா ஓடினாரு?"

"மூணு."

"மூணுமே மாஸ்க் இல்லாமயா?"

"வெறும் மூஞ்சி," என்றார் பெருமையாக.

அந்தப் பெருமை இப்போது அவருக்கே கூசியது. ஏனென்றால் அன்றைக்கு நாலாவது கார்னரும் இருந்தது. பத்தொன்பது வயதில், கோலுக்குப் பின்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் அதைப் பார்த்தார். பந்து ஒரு மேட்டில் பட்டு எகிறியது. சத்தம் கேட்டது. கதவு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான், விரல் இடுக்கு வழியாக ஒழுகியது ரத்தம் மட்டும் இல்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு கதவு ஆடவே இல்லை. இதைக் கண்ணாடிக்காரர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் கூட. மூன்றோடு நிறுத்தினால் எவ்வளவு அழகான கதை.

விசில் அடித்தது. நடுவர் இரண்டு கையையும் கோலை நோக்கி நீட்டினார். கார்னர்.

மற்ற மூன்று பெண்களும் கோலுக்குள் இருந்த பெட்டியிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டினார்கள். இவள் மாட்டவில்லை. கால் பட்டையை மட்டும் இறுக்கிக்கொண்டாள். பயிற்சியாளரம்மா கோட்டோரத்திலிருந்து கையை ஆட்டிக் கத்தினாள். ஆனால் கார்னருக்கு விசில் ஊதிவிட்டால் ஆளை மாற்ற முடியாது, அதுதான் சட்டம்.

"மாமா, உக்காருங்க. மாமா—"

அவர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.  பந்து உள்ளே வந்தது, மகள் பாய்ந்தாள், சுண்டிய பந்து அவள் தோளில் படாமல் மயிரிழையில் தாண்டிப் போனது. கோல்கீப்பர் உதைத்துத் தள்ளினாள். அது இவர்கள் அணிப் பெண் ஒருத்தியின் காலில் பட்டது, தடுக்கிறவர் காலில் பட்டால் குற்றம். மறுபடியும் விசில். மறுபடியும் கார்னர். கடிகாரத்தில் நேரம் முடிந்துபோனது. முடிந்தால் என்ன, கார்னர் பாக்கியிருந்தால் அது தீர்கிறவரை ஆட்டமும் தீராது. இந்தச் சட்டத்தை எத்தனை பேருக்கு அவர் விளக்கியிருப்பார். இன்று அவருக்கே அது எமனாக வந்து நின்றது.

மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கோல் பக்கம் போக வேண்டும். நடுவில் ஒரு கேட்டும் அதற்கு ஒரு காவலாளியும்.

"ஆட்டக்காரங்கதான் போகலாம்."

"என் பொண்ணுய்யா."

"எல்லாரும் யாரோட பொண்ணோதான் சார்."

அவர் முகமூடியைத் தூக்கிக் காட்டினார்.  அவர் முகத்தில் காவலாளி என்னத்தைக் கண்டானோ, ஒதுங்கி வழிவிட்டான். இரண்டாவது பந்தை அவர் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மகள் நொண்டிக்கொண்டு கோலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே அடி, சட்டப்படி அது தடுக்கிறவர் குற்றம். அதனால் மூன்றாவது கார்னர்.

ஐம்பது வயது. ஓடி இருபது வருஷம் இருக்கும். ஓடினார். மூச்சு விசிலடித்தது. எந்தச் சாமியை வேண்டுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. கண் மட்டும் போகக் கூடாது, கண் மட்டும் போகக் கூடாது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தினமும் இருபது ஜோடிக் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற மனிதர். கருவிழிக்குப் பின்னால் எவ்வளவு மெல்லிய திரை இருக்கிறது என்று இந்த மைதானத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மூன்றாவது பந்து அவள் மட்டையில் பட்டுத் தெறித்தது. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. மகள் திரும்பி, அப்பா உட்கார்ந்திருந்த படிக்கட்டைப் பார்த்து, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. அங்கே மச்சினன் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

விசில் அடித்தது. தெறித்த பந்து இவர்கள் அணியில் யார் காலிலோ பட்டிருக்கிறது. நாலாவது கார்னர்.

கண்ணாடிக்காரர் கோலுக்குப் பின்னால் வேலிக்கு வந்து சேர்ந்தபோது அவள் அவருக்குப் பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவர் பிடித்துக்கொண்டிருந்த அதே வேலி. அவர் முகமூடியை வேலிக்கு மேலே வீசினார். அது அவள் குதிகாலில் போய் விழுந்தது.

"போட்டுக்கோ. போட்டுக்கோ கண்ணு."

அவள் திரும்பவில்லை. மைதானத்தில் அப்பா குரல் கேட்டால் திரும்பக் கூடாது என்பது பத்து வயதிலிருந்து அவள் பழக்கிக்கொண்ட பழக்கம். இல்லாவிட்டால் ஆட முடியுமா, அவர் போடுகிற சத்தத்துக்கு? காலால் முகமூடியை ஒதுக்கிவிட்டாள். எதிரே பந்தைத் தள்ளுகிறவள் குனிந்தாள்.

"கதவுக்கு நாலாவது இருந்துச்சும்மா."

அவள் முதுகு அசையவில்லை.

"நான் சொன்னது பொய். மூணோட முடியல. நாலாவது ஒண்ணு இருந்துச்சு. இடது கண்ணு. இதே கோல்ல, இங்கயே போச்சு. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

இருபது வருஷமாகக் கதவு கதையைக் கேட்டவர்கள் அந்தப் பக்கத்துப் படிகளில் நிறையப் பேர் இருந்தார்கள்.  கோல்கீப்பர்கூடத் திரும்பிப் பார்த்தாள். மகளும் திரும்பினாள். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்து, சீக்கிரம் என்று கையைக் காட்டினார். அவள் குனிந்து முகமூடியை எடுத்தாள், மாட்டினாள், வாரை இழுத்தாள்.

பந்து உள்ளே வந்தது. அவள் ஓடினாள்.

அந்தச் சத்தம் கேட்டபோது கண்ணாடிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் கதவு மண்டியிட்டான். திறந்தபோது அவள் மல்லாந்து கிடந்தாள். ஒரு கை மட்டையை விடவில்லை. அவர் வேலியில் ஏற முயன்றார், சட்டை கிழிந்தது, கீழே வழுக்கினார். யாரோ ஓடினார்கள், யாரோ அவள் முகத்தின் மேல் குனிந்தார்கள். நடுவர் பந்தை மகளின் அணிக்குக் கொடுத்தார். முழங்காலுக்கு மேலே பட்டால் ஆபத்தான அடி, குற்றம் அடித்தவர்கள் மேல். அதோடு ஆட்டம் முடிந்தது, ஜெயித்தாயிற்று, இந்த அணி மேல்பிரிவுக்குப் போகிறது. அவருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் கால் அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அசைந்தது. எழுந்து உட்கார்ந்தாள். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஓய்வறையில் மருந்து வாடை. பயிற்சியாளரம்மா அவரை உள்ளே விட்டாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் சிவந்து தடித்திருந்தது. பக்கத்தில் முகமூடி கிடந்தது. இடது கண் பக்கத்துக் கம்பி உள்ளே வளைந்து, அதன் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். கை நடுங்கியதில் வெளிச்சம் அவள் நெற்றியில் அலைந்தது. அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். வலது கண். இடது கண். கருமணி சுருங்கியது. மறுபடி அடித்துப் பார்த்தார். மறுபடி சுருங்கியது.

"தெளிவா தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"ரெட்டையா எதுவும்?"

"இல்ல." அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரு இப்ப எங்கப்பா இருக்காரு?"

"யாரு?"

"கதவு."

அந்த ஆட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியும். கதவின் மட்டையில் என்ன நிறத்துணி சுற்றியிருந்தது என்று தெரியும். மூன்று கார்னரிலும் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான் என்றுகூடத் தெரியும்.

"தெரியாது," என்றார்.

"இன்னொரு கண்ணு நல்லா இருக்கா?"

"தெரியாதும்மா."

"நீ கண்ணாடிக்கடை வச்சிருக்கியேப்பா. ஒருநாள்கூடப் போய்ப் பாக்கலையா?"

"பயமா இருந்துச்சு," என்றார். இத்தனை வருஷம் ஹாக்கி பேசியதில் அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

 மகள் வளைந்த முகமூடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தாள். அவர் டார்ச்சை அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.